ஒத்துக்கொண்டால் நியாயமாகிவிடுமா?



திராட்சைத் தோட்ட வேலையாளர் உவமை (மத்தேயு 20:1-16) நம் ஆலயங்களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறன்று வாசிக்கப்படுகிறது. திருப்பூரில் இந்த உவமையை விளக்குவது எளிதன்று. கேட்பவர்களில் பலர் முந்தின நாள் சனிக்கிழமை மாலையில்தான் வாரச் சம்பளம் வாங்கியவர்கள். விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி என்றால், "அது எப்படிங்க நியாயம்?" என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் ஓர் அன்பியக் கூட்டத்தில் எழுந்த கேள்வி வேறு விதமாக இருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர், நிலக்கிழார் சொன்ன பதிலையே எடுத்துக்கொண்டார். முணுமுணுத்தவரைப் பார்த்து, ஒரு தெனாரியத்துக்கு நீர் ஒத்துக்கொண்டீர் அல்லவா என்று நிலக்கிழார் கேட்கிறார். அந்தச் சகோதரி சொன்னார்: "சாமி, இதே பேச்சை நாங்களும் கேக்கறமுங்க. 'ஒத்துக்கிட்டுத்தானே வேலைக்கு வந்தே?'ம்பாங்க. ஒத்துக்கலீன்னா அடுத்த ஆளு வாசல்ல நிக்குது. ஒத்துக்கிட்டதாலேயே அது நியாயம் ஆயிருமுங்களா?"

கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு நம் மொழியும், நாட்டின் சட்டமும், திருச்சபையின் படிப்பினையும் என்ன விடை தருகின்றன என்பதை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

நம் வாயில் வழங்கும் சொற்கள்

'நியாயம்' என்பது வடமொழியிலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய சொல். இந்தியத் தத்துவ மரபில் தர்க்கத்தை ஆராயும் பிரிவுக்கே 'நியாயம்' என்று பெயர். அந்தப் பொருள் நம் பேச்சிலும் இருக்கிறது. "அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது" என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்று பொருள். காரணம் கேட்டால் முகம் பார்த்துச் சொல்லக்கூடியதே நியாயமானது. "நான் வைத்ததுதான் சட்டம்" என்பவரை நியாயமில்லாதவர் என்கிறோம்.

'நீதி' என்பதைப் பெரும்பாலும் மன்றத்தோடு சேர்த்துச் சொல்கிறோம். 'நேர்மை' என்பதில் 'நேர்' இருக்கிறது. கோணாமல் செல்வது நேர்மை. 'நடுவுநிலைமை' தராசோடு தொடர்புடையது. திருக்குறளின் 12ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் சாய்வதை 'ஓரவஞ்சனை' என்கிறோம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். ரேஷன் கடையின் பலகையில் 'நியாயவிலைக் கடை' என்று எழுதியிருக்கிறது. சந்தையில் விற்கும் விலை ஒன்று, ஏழைக்குக் கட்டும் விலை மற்றொன்று என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது.

'கேட்டல்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். "நியாயம் கேட்க வந்திருக்கிறேன்" என்று பாதிக்கப்பட்டவர் சொல்கிறார். "இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று பெரியவர்களிடம் வேண்டுகிறோம். வினவுவதற்கும் செவிசாய்ப்பதற்கும் தமிழில் ஒரே சொல். ஒருவர் கேட்க, மற்றவரும் கேட்டால்தான் நியாயம் பிறக்கும்.

திருப்பூரில் நியாயத்துக்குப் பதிலாக அடிக்கடி காதில் விழும் சொல் 'கட்டுபடி'. "அந்த ரேட்டுக்குக் கட்டுபடியாகாது" என்று பையர் முன் உட்கார்ந்திருக்கும் ஏற்றுமதியாளர் சொல்கிறார். அதையே ஏற்றுமதியாளரிடம் பவர் டேபிள் நடத்துபவரும், அவரிடம் டெய்லரும் சொல்கிறார்கள். கடைசியில் நிற்கும் கைமடிப் பெண் அதைச் சொன்னால் அவருக்கு வேலை இருக்காது. கட்டுபடியாகுமா என்பது கணக்குப் பற்றிய கேள்வி. அது பொய்க் கேள்வியன்று. ஆனால் கணக்கு சரியாக வந்துவிட்டால் நியாயமும் வந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஒப்பந்தத்துக்கும் மேலான ஒன்று

1891 மே 15 அன்று திருத்தந்தை 13ஆம் லியோ (சிங்கராயர்) 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஐரோப்பாவின் ஆலைகளில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வதைபட்ட காலம் அது. இருவர் மனமொத்துக் கூலி பேசிவிட்டால் அதன்பின் முதலாளிக்கு வேறு கடமையில்லை என்ற கருத்து அன்று பரவலாக இருந்தது. திருத்தந்தை இதை மறுத்தார். ஒப்பந்தங்களுக்கெல்லாம் முந்தியதும் மேலானதுமான இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலி அந்த நீதிக்கு எதிரானது என்றார். வேறு வழியில்லாமலோ, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற அச்சத்தாலோ ஒருவர் கடினமான நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்று கற்பித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2434), இரு தரப்பும் ஒத்துக்கொண்டது மட்டுமே கூலியை அறநெறிப்படி சரியாக்கிவிடாது என்று உரைக்கிறது. 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு இந்தச் சுற்றுமடலை ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்.

அதே கருத்தை, 91 ஆண்டுகளுக்குப் பின், நம் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் வந்தடைந்தது. 1982ஆம் ஆண்டு டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆள் பிடித்துக் கொடுத்த ஜமாதார்கள் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையாட்கள் 8 ரூபாய் 25 காசுக்கு ஒத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தின் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. யாரும் கையைக் கட்டி இழுத்து வரவில்லையே, இது எப்படிக் கட்டாய உழைப்பாகும் என்பது வாதம். நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு இதற்குத் தெளிவான பதில் சொன்னது. தனக்குச் சட்டப்படி வரவேண்டியதைவிடக் குறைந்த கூலிக்கு ஒருவர் வேலை செய்கிறார் என்றால், அவரைப் பசியும் வறுமையும் நெருக்குகின்றன என்றே கொள்ள வேண்டும். அந்த நெருக்கடியும் ஒரு கட்டாயமே. எனவே குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்று அத்தீர்ப்பு நிறுவியது.

உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலும் டெல்லியிலிருந்து வந்த தீர்ப்பும் அந்தச் சகோதரியின் கேள்விக்கு ஒரே விடையைத் தருகின்றன. வாசலில் அடுத்த ஆள் நிற்பதால் சொல்லப்படும் 'சரி', முழுச் சம்மதமன்று.

எது நியாயமான கூலி?

அப்படியானால் நியாயமான கூலி எது? விடுதலை பெற்ற இந்தியா தொடக்கத்திலேயே இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 1948இல் மத்திய அரசு நியமித்த நியாயக் கூலிக் குழு, கூலியை மூன்று படிகளாகப் பிரித்தது.

1. குறைந்தபட்சக் கூலி: உயிர் தரிப்பதற்கு மட்டுமன்றி, உழைக்கும் திறன் குன்றாமல் இருப்பதற்கும், ஓரளவு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போதுமானது. எந்தத் தொழிலும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது.

2. நியாயக் கூலி: குறைந்தபட்சத்துக்கு மேலே, தொழிலின் தாங்கும் சக்தியையும் உற்பத்தியையும் வட்டாரத்தில் நிலவும் கூலியையும் பார்த்து முடிவு செய்வது.

3. வாழ்வூதியம்: குடும்பம் மதிப்போடு வாழவும், நோய்க்கும் முதுமைக்கும் சேமிக்கவும் வழிசெய்வது. அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு இதை நாட்டின் இலக்காக வைத்திருக்கிறது.

'கட்டுபடி' என்ற பேச்சுக்கு இடம் இரண்டாவது படியில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் படியில் அதற்கு இடமில்லை. குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழிலுக்கு நடந்துகொண்டிருக்க உரிமையில்லை என்று 1950களிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

முதல் படியை எப்படி அளப்பது என்பதை 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. கணவன், மனைவி, இரு குழந்தைகள் அடங்கிய குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் பிறவற்றுக்குமாக 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் சம்பாதிப்பதை இதில் சேர்க்கக் கூடாது என்றும் கூறினார்கள். 1991இல் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் பஞ்சப்படி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதோடு மேலும் 25 சதவீதத்தைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, திருமணம், முதுமை ஆகியவை மனித வாழ்வின் பகுதிகள்தாமே என்பது அதன் விளக்கம். உலகுக்கு ஆடை தைக்கும் ஊரில் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கெஜம் புதுத்துணி வாங்க முடிகிறது என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பஞ்சப்படி என்ற சொல் திருப்பூருக்கு நன்கு தெரிந்தது. விலைவாசி ஏறினால் அதே கூலியில் வாங்கும் அரிசி குறைகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய எண் மாறாவிட்டாலும் நியாயம் குறைந்துவிடுகிறது. இதை ஈடுகட்டுவதே பஞ்சப்படி. அதைக் கேட்டு 1984இல் திருப்பூரின் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று அடுப்பு எரியாத வீடுகளின் நினைவு மூத்த தலைமுறையினரிடம் இன்றும் இருக்கிறது.

இன்றைய எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்ப்போம். நம் ஊரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம் வாங்கும்போது கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்கு கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்ற அந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. ஆகவே ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவருக்குக் கூடுதல் நான்கு மணி நேரம், கூலியில் எட்டு மணி நேரமாகிறது. சட்டத்தின் கணக்கில் அது இரண்டு ஷிப்ட். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கும் அரை நாள் கூலி, குழந்தைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் ஒரு தாயின் அரை நாள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதும் அப்படியே. அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு இதை வழிகாட்டும் கொள்கையாகச் சொன்னது. 1976ஆம் ஆண்டின் சமஊதியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கியுள்ளன.

கேட்காமல் தண்டிக்காதே

சட்டத்தில் நியாயம் என்பதற்கு மற்றொரு முகமும் உண்டு. அதை 'இயற்கை நீதி' என்று சட்டம் அறிந்தவர்கள் அழைக்கிறார்கள். அதன் அடிப்படை விதிகள் இரண்டு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

1718இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பென்ட்லி என்ற அறிஞரை விசாரிக்காமலே அவருடைய பட்டங்களைப் பறித்தது. அது பற்றிய 1723ஆம் ஆண்டு வழக்கில் ஒரு நீதிபதி தொடக்கநூலை நினைவூட்டினார். எல்லாம் அறிந்த கடவுளே ஆதாமைத் தண்டிக்குமுன் அழைத்தார். எங்கே இருக்கிறாய், விலக்கிய கனியை உண்டாயோ என்று கேட்டார். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தபிறகே தீர்ப்பு வந்தது (தொநூ 3:9-13). இந்த எடுத்துக்காட்டு இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படுகிறது. யோவான் நற்செய்தியில் நிக்கதேமும் இதே கொள்கையை முன்வைத்துத்தான் தலைமைச் சங்கத்தில் இயேசுவுக்காகப் பேசினார் (7:51).

பனியன் கம்பெனியில் இதன் பொருள் என்ன? ஒரு பண்டிலில் டேமேஜ் வந்துவிட்டது, சம்பளத்தில் பிடித்தாயிற்று. ஊசி பழுதா, துணியிலேயே ஓட்டை இருந்ததா, முந்தின ஆள் செய்த பிழையா என்று யாரும் கேட்கவில்லை. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமே, நட்டத்துக்காகப் பிடித்தம் செய்யுமுன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று விதித்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. பிடித்த தொகை பத்து ரூபாயாக இருக்கலாம். ஆனால் "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்ற வருத்தம் அந்தப் பத்து ரூபாயைவிடப் பெரியது. மனிதரைக் கேட்காமல் தீர்ப்பிடுவது அவரைப் பொருளாக நடத்துவதாகும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் ஊரில் உழைக்கும் சகோதரர்களுக்கு இந்தக் 'கேட்டல்' இன்னும் அரிது. மொழி தெரியாததால் அவர்கள் நியாயம் கேட்பதும் இல்லை, நாம் அவர்களைக் கேட்பதும் இல்லை. ஏழைக் கூலியாளை வஞ்சிக்காதே என்ற இணைச்சட்டக் கட்டளை (24:14-15), அவர் உன் இனத்தவராயினும் அந்நியராயினும் என்று சேர்த்தே சொல்கிறது. அன்றைய கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்லி, அவர் அதை நம்பியே இருக்கிறார் என்று காரணமும் கூறுகிறது.

ஒப்பந்தத்தில் இல்லாதவர்

இரண்டு பேர் மனமொத்துப் பேசி முடித்த காரியம், மூன்றாமவருக்கு அநியாயமாக முடிவதும் உண்டு. நொய்யல் ஆறு இதற்குச் சாட்சி.

துணிக்குச் சாயமிடக் கம்பெனியும் சாயப்பட்டறையும் ஒரு விலை பேசின. இருவருக்கும் கட்டுபடியானது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு அந்த விலையில் இல்லை. அந்தச் செலவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த உழவர்கள் தங்கள் கிணற்றாலும் நிலத்தாலும் மாட்டாலும் கொடுத்தார்கள். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது.

உழவர்கள் நியாயம் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றிருந்தது. நொய்யல் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீர் சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிலையை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் வேலையிழந்த சாயப்பட்டறைத் தொழிலாளர்களும் நம் மக்களே. அநியாயத்தைத் தள்ளிப்போட்டால், இறுதியில் அதைத் திருத்தும் சுமையும் ஏழையின் தோளில்தான் விழுகிறது என்பது அந்த ஆண்டு நமக்குக் கற்பித்த பாடம்.

பொதுவான இயற்கை வளங்களைப் பயன்படுத்துவதன் செலவை, பயன்படுத்துபவரே வெளிப்படையாக ஏற்க வேண்டும். பிறர்மேலும் வருங்காலத் தலைமுறைமேலும் சுமத்தக் கூடாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் (எண் 195) எழுதினார்.

முதலாளிக்கும் நியாயம் வேண்டும்

இவ்வளவும் படித்த சிறுதொழில் நடத்தும் ஒருவர், "எங்கள் பாடு யாருக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். அவரையும் கேட்பதே நியாயம். திருப்பூரில் கம்பெனி நடத்துபவர் பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள். நூல் விலை ஏறும்; பையர் விலையை ஏற்ற மாட்டார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர்கள் நின்றுபோன கம்பெனிகளில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே கலங்கினார்கள்.

திருச்சபை இதையும் கண்டிருக்கிறது. 1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், ஒரு தொழில் தன் பொருளை நியாயமற்ற குறைந்த விலைக்கு விற்கக் கட்டாயப்படுத்தப்பட்டு, அதனால் தொழிலாளருக்கு உரிய கூலி கொடுக்க முடியாமல் போனால், அந்த நிலைக்குக் காரணமானவர்கள் பெருங்குற்றவாளிகள் என்றார். 1981இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், நேரடியாக வேலை கொடுப்பவரையும், விலையையும் நிபந்தனையையும் தூரத்திலிருந்து தீர்மானிக்கும் 'மறைமுக வேலைதருநரையும்' பிரித்துக் காட்டினார். இருவருக்கும் பொறுப்பு உண்டு என்றார். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த வாரம், தொழிலாளரான புனித யோசேப்பின் திருவிழாவன்று, அங்கே மாதம் 38 யூரோவுக்கு வாங்கிய உழைப்பை அடிமை உழைப்பு என்றே திருத்தந்தை பிரான்சிஸ் அழைத்தார்.

ஆகவே மலிவு விலையைத் தேடும் தொலைதூர வாங்குநரும் அந்தச் சகோதரியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவரே. அதேவேளை, மேலே இருப்பவர் தனக்குச் செய்த அநியாயத்தைக் கீழே இருப்பவருக்கு அப்படியே கைமாற்றிவிடுவது நியாயமாகிவிடாது.

மாலை ஐந்து மணி

இப்போது உவமைக்குத் திரும்புவோம். நிலக்கிழார் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசுகிறாரே, அவரும் "ஒத்துக்கிட்டுத்தானே வந்தே" என்பவர்தாமா?

உவமையைக் கவனமாக வாசித்தால் வேறுபாடு தெரியும். விடியற்காலையில் பேசிய ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாளின் வழக்கமான முழுக்கூலி. அவர் அதில் எதையும் குறைக்கவில்லை. ஒன்பது மணிக்கு வந்தவர்களிடம் தொகை பேசாமல், நேர்மையானதைக் கொடுப்பேன் என்று மட்டும் சொன்னார். ஐந்து மணிக்கு நின்றவர்களைப் பாருங்கள். நாள் முழுதும் வேலை கிடைக்காமல் நின்றவர்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அன்றைய கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றாலும் அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். உலகத்தார் பார்வையில் அதுவே சரியான கணக்கும்கூட. நிலக்கிழார் அவர்களுடைய நெருக்கடியைக் கண்டும் அதைத் தம் இலாபமாக்கவில்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்ற பதிலுக்குச் செவிகொடுத்தார். பிறகு ஒரு நாளுக்குத் தேவையானதைக் கொடுத்தார்.

ஆகவே இந்த உவமையில் ஒப்பந்தம் என்பது அதற்குக் கீழே இறங்கக் கூடாத தரை. அந்தத் தரையின்மேல் நின்றுகொண்டு நிலக்கிழார் தாராளமாக இருக்கிறார். "ஒத்துக்கொண்டாயே" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர் இவ்வுவமையைத் தமக்குத் துணைக்கு அழைக்க முடியாது.

நம் வீட்டிலும் பங்கிலும்

நியாயம் பற்றிய பேச்சு கம்பெனி வாசலோடு நின்றுவிட்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். 1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் பிறர் கண்முன் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்றது. திருச்சபையில் பணிபுரிவோரின் ஊதியத்தையும் அது குறிப்பிட்டது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1286ஆம் சட்டம், திருச்சபைச் சொத்துக்களை நிர்வகிப்பவர்கள் தங்களிடம் வேலை செய்பவர்களுக்கு, அவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் பிழைக்கத் தக்க நீதியான ஊதியம் வழங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆலய மணியடிக்கும் கோயில்பிள்ளை, உபதேசியார், விடுதிச் சமையற்காரர், நம் பள்ளிகளில் பெருக்கும் அம்மா ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும். "சேவைதானே" என்ற சொல்லும் சில நேரங்களில் "ஒத்துக்கிட்டுத்தானே" என்பதன் மறுவடிவமாகிவிடுகிறது.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வருபவர், கம்பெனியிலிருந்து பீஸ் வாங்கிவந்து வீட்டில் நூல் வெட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டி, நாம் பேரம் பேசிக் காய் வாங்கும் தள்ளுவண்டிக்காரர் ஆகியோரும் நாம் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்கிறவர்களே. அவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. அது படைகளின் ஆண்டவருடைய செவிக்கு எட்டியிருக்கிறது என்கிறார் புனித யாக்கோபு (5:4). நாம் கேட்க மறந்தாலும், கேட்கிற ஒருவர் இருக்கிறார்.

சிந்தனைக்கு

1. என்னிடம் வேலை செய்பவர் கூலிக்கு ஒத்துக்கொண்டபோது, 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா?

2. கடந்த மாதத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்காமல் குற்றவாளியாகத் தீர்த்தேனா?

3. எனக்குக் கட்டுபடியான ஒரு காரியத்தின் செலவை, என் கண்ணுக்குத் தெரியாத யார் சுமக்கிறார்கள்?

4. எங்கள் அன்பியத்தின் எல்லைக்குள் வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்களில் ஒருவருடைய பெயராவது எனக்குத் தெரியுமா?

செபம்

எங்கள் விண்ணகத் தந்தையே, நாள் முழுதும் உழைப்பவரையும், வேலையின்றி நிற்பவரையும் ஒருங்கே காண்பவரே, எங்கள் தராசுகளை நேராக்கும். பிறருடைய நெருக்கடியை எங்கள் இலாபமாக்கும் எண்ணத்தை எங்களிடமிருந்து அகற்றும். நியாயம் கேட்பவர்களுக்குத் துணிவையும், கேட்க வேண்டியவர்களுக்குச் செவியையும் தாரும். தச்சுப் பட்டறையில் உழைத்து உண்ட உம் திருமகன் எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.